கூட்டத்தில் ஒரு கருணை முகம்



பிள்ளையொன்று முதன்முதலாகப் பாடசாலைக்குச் செல்லும் நாளை நாம் எல்லோரும் அறிவோம். புதுச் சீருடை, புதுப் புத்தகப்பை, தலைவாரிவிடும் தாயின் கை, வாசல்வரை வந்து வழியனுப்பும் தந்தையின் கண்கள். உள்ளே போகும் பிள்ளை ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். பிறகு தனக்கு முன்னால் நிற்பவர்களின் முகங்களைப் பார்க்கும். அவற்றுள் சிரிக்கின்ற முகம் ஒன்றேனும் உண்டா என்று அதன் சின்னஞ்சிறு உள்ளம் தேடும். அப்படியொரு முகம் அகப்பட்டுவிட்டால் அழுகை நின்றுவிடும்.

அவ்வாறு முகம் தேடிச் சென்ற சில பிள்ளைகளின் வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். அவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிறந்த கறுப்பினப் பிள்ளைகள். வெள்ளையினப் பிள்ளைகளுக்கு மட்டுமென ஒதுக்கப்பட்டிருந்த பாடசாலைகளுக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தவர்கள். அவர்களுக்காக வாசலிலே காத்து நின்றது வரவேற்பு அன்று. வசைமொழியும் எச்சிலும் கொலை மிரட்டலுமே காத்து நின்றன.

நேயர்களே! இவ்வரலாற்றின் பின்னணியை முதலில் சுருக்கமாக நோக்குவோம். அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டு சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் அடிமைத்தனத்தை வளர்த்த மனப்பான்மை அதனோடு ஒழிந்துவிடவில்லை. கறுப்பினத்தவரையும் வெள்ளையினத்தவரையும் பிரித்து வைக்கும் சட்டங்களைத் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாக இயற்றின. புகையிரதத்தில் தனிப் பெட்டி, உணவகத்தில் தனி இடம், தண்ணீர் அருந்தத் தனிக் குழாய், பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை என்று அது வளர்ந்தது. 1896ஆம் ஆண்டு அந்நாட்டின் உயர் நீதிமன்றமும் இதற்கு ஒப்புதல் அளித்தது. வசதிகள் சமமாக இருக்குமானால் பிரித்து வைப்பதில் தவறில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

வசதிகள் சமமாக இருந்தனவா? தென் கரோலினா மாநிலத்தின் கிளாரெண்டன் பிரதேசத்தில் வெள்ளையினப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்ல பஸ்கள் இருந்தன. கறுப்பினப் பிள்ளைகளுக்கோ ஒரு பஸ்ஸேனும் வழங்கப்படவில்லை. அவர்கள் பல மைல் தூரம் நடந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பஸ் தாருங்கள் என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தச் சிறிய கோரிக்கையே பின்னர் ஒரு வழக்காக வளர்ந்தது. வழக்கிலே முதலாவதாகப் பெயர் கொடுத்த ஹரி பிரிக்ஸ் என்பவர் தமது தொழிலை இழந்தார்.

வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் பிரதேசத்தில் 180 மாணவர்களுக்கெனக் கட்டப்பட்ட ஒரு கறுப்பினப் பாடசாலையில் 450க்கும் அதிகமானோர் கற்றனர். இடம் போதாமையால் தார்க் கடதாசி போர்த்திய கொட்டில்களில் வகுப்புகள் நடந்தன. 1951 ஏப்ரல் மாதத்தில், பார்பரா ஜோன்ஸ் என்னும் 16 வயது மாணவி சக மாணவர்களைத் திரட்டி வகுப்புகளைப் பகிஷ்கரித்தாள். பெரியவர்கள் பொறுமை காத்த இடத்தில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

இவ்வாறு வெவ்வேறு இடங்களில் எழுந்த 5 வழக்குகளை உயர் நீதிமன்றம் ஒன்றாகச் சேர்த்து விசாரித்தது. கன்ஸாஸ் மாநிலத்தின் டொபேக்கா நகரில் வாழ்ந்த ஒலிவர் பிரவுன் என்ற தந்தையின் பெயராலேயே அது இன்றும் அறியப்படுகின்றது. அவருடைய மகள் லிண்டா, வீட்டுக்கு அண்மையிலுள்ள பாடசாலையில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. தொலைவிலுள்ள கறுப்பினப் பாடசாலைக்குச் செல்லும் பஸ்ஸைப் பிடிக்க அவள் புகையிரதப் பாதைகளைக் கடந்து நடக்க வேண்டியிருந்தது.

இவ்வழக்குகளில் முன்வைக்கப்பட்ட ஒரு சான்று நெஞ்சை உருக்குவதாகும். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் அறிஞர்களான தம்பதியர், கறுப்பினச் சிறு பிள்ளைகளிடம் பொம்மைகளைக் கொடுத்தனர். நிறத்தைத் தவிர அப்பொம்மைகளுக்கிடையே வேறுபாடு எதுவும் இருக்கவில்லை. நல்ல பொம்மை எது என்று கேட்டபோது பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினர். கெட்ட பொம்மை எது என்றபோது பலர் கறுப்புப் பொம்மையைக் காட்டினர். உன்னைப் போன்ற பொம்மை எது என்று இறுதியாகக் கேட்டபோது சில பிள்ளைகள் விம்மி அழுதனர். தன்னைத் தானே வெறுக்கும்படி ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்த சமூகம் எத்தகைய சமூகம் என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

1954 மே 17ஆம் திகதி, நீதியரசர்கள் ஒன்பதின்மரும் ஒரே மனத்துடன் தீர்ப்பளித்தார்கள். கட்டடமும் புத்தகமும் சமமாக இருந்தாலும், நிறத்துக்காகப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதே அவர்களுடைய உள்ளத்தில் தாழ்வுணர்ச்சியை விதைக்கின்றது. எனவே கல்வியில் பிரித்து வைத்தலுக்கு இடமே இல்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. பிள்ளைகளின் தரப்பில் வாதாடிய சட்டத்தரணிகளின் தலைவர் தேர்குட் மார்ஷல், 1967இல் அதே நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசரானார்.

நேயர்களே! தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் கடதாசியில் எழுதப்பட்ட தீர்ப்பு தானாக நடந்து பாடசாலைக்குள் போய்விடாது. அதைச் சுமந்துகொண்டு யாராவது நடக்க வேண்டும். யார் நடந்தார்கள்? நீதியரசர்கள் நடக்கவில்லை. சட்டத்தரணிகள் நடக்கவில்லை. ஆறு வயதுப் பாலகியும் பதினைந்து வயது மாணவியும் நடந்தார்கள்.

1957 செப்டெம்பர் 4ஆம் திகதி, ஆர்க்கன்ஸோ மாநிலத்தின் தலைநகரான லிட்டில் ரொக்கில், மத்திய உயர் பாடசாலையில் கறுப்பின மாணவர்கள் ஒன்பதின்மர் சேரவிருந்தனர். அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து செல்வதென்று முதல் நாளிரவு ஏற்பாடாகியது. ஆனால் எலிசபெத் எக்போர்ட் என்ற மாணவியின் வீட்டில் தொலைபேசி இருக்கவில்லை. ஆகவே அந்தச் செய்தி அவளை எட்டவில்லை. தானே தைத்த புதிய ஆடையை அணிந்துகொண்டு அவள் தன்னந்தனியாகப் புறப்பட்டாள்.

பாடசாலையைச் சுற்றி ஆயுதமேந்திய தேசியக் காவற் படையினர் நின்றனர். அவர்கள் தனக்குப் பாதுகாப்பளிக்கவே நிற்கின்றனர் என அவள் எண்ணினாள். ஆனால் அவளைப் போன்றவர்களை உள்ளே விடாமல் தடுப்பதற்காகவே மாநில ஆளுநர் ஓர்வல் போபஸ் அவர்களை அங்கு நிறுத்தியிருந்தார். வெள்ளையின மாணவர்களுக்கு வழிவிட்ட படையினர் அவளைக் கண்டதும் துப்பாக்கிகளை உயர்த்தி மறித்தனர். அவள் திரும்பினாள். பின்னால் பெருங்கூட்டம் கூச்சலிட்டபடி தொடர்ந்தது. அடித்துக் கொல்லுங்கள் என்ற குரல்களும் அதில் எழுந்தன.

அவ்வேளையில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? தனக்கு உதவக்கூடிய ஒரு கருணை முகத்தை அந்தக் கூட்டத்திலே தேடினாள். வயதான ஒரு பெண்மணியின் முகம் அன்பானதாகத் தெரிந்தது. நம்பிக்கையோடு அம்முகத்தை நோக்கினாள். அந்தப் பெண்மணி அவள்மீது எச்சில் உமிழ்ந்தாள்.

தெருவின் முடிவிலுள்ள பஸ் தரிப்பிடத்தை அடைந்து ஒரு வாங்கிலே அமர்ந்தாள் எலிசபெத். கண்ணீர் பெருகியது. அப்போது ஒரு பத்திரிகையாளர் அவள் பக்கத்தில் அமர்ந்து ஆறுதல் கூறினார். கிரேஸ் லோர்ச் என்னும் வெள்ளையினப் பெண்மணி கூட்டத்தினரின் வசைகளைப் பொருட்படுத்தாது, அவளோடு பஸ்ஸில் ஏறி அவளை அங்கிருந்து அழைத்துச் சென்றார். நூற்றுக்கணக்கானோர் நின்ற அந்தத் தெருவில் அன்று கண்ட கருணை முகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

செப்டெம்பர் 23ஆம் திகதி மாணவர்கள் ஒன்பதின்மரும் பாடசாலைக்குள் சென்றபோது, வெளியே கூட்டத்தின் வெறி எல்லை மீறியது. அவர்களைப் பாதுகாப்பாக வெளியேற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் ஜனாதிபதி ஐசன்ஹோவர் இராணுவத்தின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்பினார். 25ஆம் திகதி, படையினர் சூழ்ந்து வர, ஒன்பதின்மரும் முன்வாசலால் உள்ளே சென்றனர்.

இத்தோடு அவர்களுடைய துன்பம் தீர்ந்துவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். படைவீரன் வாசல்வரை வரலாம், தாழ்வாரத்திலும் நடக்கலாம். ஆனால் வகுப்பறையில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஒரு வார்த்தை பேச அவனால் இயலாது. படிகளில் தள்ளிவிடுதல், உதைத்தல், புத்தகங்களைத் தட்டிவிடுதல் என்று ஆண்டு முழுவதும் அத்துன்பம் நீடித்தது. திருப்பித் தாக்கினால் பாடசாலையிலிருந்து நீக்கப்படுவோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மினிஜீன் பிரவுன் என்ற மாணவி அவ்வாறே தொடர்ந்த சீண்டல்களுக்குப் பதிலளித்தமைக்காக நீக்கப்பட்டாள். ஏர்னஸ்ட் கிறீன் என்ற மாணவர் 1958 மே மாதத்தில் அப்பாடசாலையின் முதலாவது கறுப்பினப் பட்டதாரியானார். அவ்விழாவில் மார்ட்டின் லூதர் கிங் அவர்களும் அமர்ந்திருந்தார்.

அப்பாடசாலையில் ஏறக்குறைய 2,000 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் துன்புறுத்தியோர் ஒரு சிறு கூட்டத்தினரே. ஏனையோர் என்ன செய்தனர்? பார்த்துக்கொண்டிருந்தனர். எலிசபெத் எக்போர்ட்டோடு ஒரே வகுப்பில் கற்ற இரு வெள்ளையின மாணவர்கள் மட்டும் அவளோடு சாதாரணமாகப் பேசிப் பழகினர். ஒரு நாளில் சில நிமிட நேரம் நடந்த அந்தப் பேச்சு, பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்த ஒன்றாக இருந்தது. நன்மை செய்வதற்குப் பெரும் வீரம் வேண்டும் என்று எண்ணுகின்றோம். சில வேளைகளில் ஒரு வார்த்தையே போதுமானதாக இருக்கின்றது.

இனி, ஆறு வயதுப் பாலகியிடம் வருவோம். அவளுடைய பெயர் ரூபி பிரிட்ஜஸ். 1954 செப்டெம்பரில், அந்தத் தீர்ப்பு வெளிவந்த அதே ஆண்டிலே பிறந்தவள். லூசியானா மாநிலத்தின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே வாழ்ந்தாள். தீர்ப்பு வழங்கப்பட்டு 6 ஆண்டுகள் சென்றபின்னரே அந்நகரின் பாடசாலைக் கதவுகள் திறந்தன. கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கடினமான பரீட்சையொன்று வைக்கப்பட்டது. அதில் தேறியவர்களுள் ரூபியும் ஒருத்தி.

அவளை அனுப்புவதா, இல்லையா என்பதில் பெற்றோரிடையே கருத்து வேறுபாடு தோன்றியது. தந்தை ஏபன், கொரியப் போரில் நாட்டுக்காகப் பணியாற்றித் திரும்பியவர். அப்பணி தமக்கு எந்தச் சமத்துவத்தையும் பெற்றுத் தரவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். மகளை ஆபத்தில் தள்ள அவருக்கு மனமில்லை. தாய் லூசில், வயல் வேலைகளுக்கிடையே முறையாகக் கற்க வாய்ப்பில்லாது வளர்ந்தவர். தனக்குக் கிடைக்காத கல்வி மகளுக்குக் கிடைக்க வேண்டும். மகளுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றார் அவர். இருவரில் யார் சரி என்று நாம் இலகுவில் கூறிவிட முடியாது. இருவரையும் பேச வைத்தது பிள்ளைமீது கொண்ட பாசமே.

1960 நவம்பர் 14ஆம் திகதி, மத்திய அரசின் மார்ஷல் அதிகாரிகள் நால்வர் சூழ, தாயின் துணையோடு ரூபி வில்லியம் பிரான்ட்ஸ் ஆரம்பப் பாடசாலைக்குச் சென்றாள். அதே நாளில் அந்நகரின் மற்றொரு பாடசாலைக்குள் லியோனா டேட், டெஸ்ஸி பிரவோஸ்ட், கேல் எட்டியன் என்னும் மூன்று கறுப்பினச் சிறுமியர் நுழைந்தனர். வாசலிலே கூடி நின்றோரின் கூச்சலைக் கேட்ட ரூபி, அது நகரில் வழமையாக நடைபெறும் களியாட்ட விழாவின் ஊர்வலம் என்றே எண்ணிக்கொண்டாள். வெறுப்பு என்றால் என்னவென்று அறியாத பருவம்!

வெள்ளையினப் பெற்றோர் தம் பிள்ளைகளை அன்றே அழைத்துச் சென்றுவிட்டனர். ஆசிரியர்களும் அவளுக்குக் கற்பிக்க மறுத்தனர். பொஸ்டன் நகரிலிருந்து வந்திருந்த பார்பரா ஹென்றி என்ற வெள்ளையின ஆசிரியை ஒருவரே முன்வந்தார். அந்த ஆண்டு முழுவதும் ஒரு வகுப்பறை, ஓர் ஆசிரியை, ஒரு மாணவி. பக்கத்தில் அமர்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார், பாடல் பாடினார், விளையாட ஆளில்லாத பிள்ளையோடு தாமே விளையாடினார். ஒரு நாளேனும் அவர் தவறவில்லை, அவளும் தவறவில்லை.

வெளியிலோ ஒரு பெண் நாள்தோறும் அவளுக்கு நஞ்சு வைப்பதாக மிரட்டினாள். இன்னொருத்தி சிறிய சவப்பெட்டியில் ஒரு கறுப்புப் பொம்மையைக் கிடத்திக் காட்டினாள். வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவை மாத்திரமே உண்ணுமாறு ரூபிக்குக் கூறப்பட்டது. அவளோ அந்த ரொட்டித் துண்டுகளை அலமாரிக்குள் ஒளித்து வைத்தாள். பாலைப் பசைப் போத்தலுக்குள் ஊற்றினாள். ஏன்? உணவு தீர்ந்துவிட்டால், ஏனைய பிள்ளைகளோடு உணவுக்கூடத்திலே அமர்ந்து உண்ண அனுமதிப்பார்கள் என்பது அவளது எதிர்பார்ப்பு. பெற்றோர்களே! அந்தப் பிள்ளை பசித்திருந்தது உணவுக்காக அன்று, தோழமைக்காகவே.

அவளது குடும்பமும் விலை கொடுத்தது. தந்தை தொழிலிலிருந்து நீக்கப்பட்டார். மிஸிஸிப்பியில் வாரத்துக்கு நிலம் பயிரிட்டு வந்த பாட்டனும் பாட்டியும் அந்நிலத்திலிருந்து அகற்றப்பட்டனர். ஆயினும் அயலவர்கள் கைவிடவில்லை. ஒருவர் தந்தைக்குத் தொழில் கொடுத்தார். சிலர் வீட்டுக்குக் காவலிருந்தனர். சிலர் மார்ஷல் அதிகாரிகளின் வாகனத்துக்குப் பின்னால் நடந்து சென்றனர்.

ரூபியை அக்காலத்தில் சந்தித்து வந்த மருத்துவர் ரொபர்ட் கோல்ஸ் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். ஒரு நாட்காலை அவள் கூட்டத்தின் நடுவே நின்று உதடுகளை அசைப்பதை ஆசிரியை யன்னலூடாகக் கண்டார். கூட்டத்தாரோடு பேசுகின்றாள் என நினைத்தார். கேட்டபோது, பேசவில்லை, அவர்களுக்காகப் பிரார்த்தித்தேன் என்றாள் ரூபி. தன்னைச் சபித்தவர்களை மன்னிக்கும்படி இறைவனிடம் அவள் நாள்தோறும் வேண்டி வந்தாள். ஆறு வயதுப் பிள்ளையின் அந்த உள்ளத்தின் முன்னே வயதில் பெரியவர்கள் எத்தனை பேர் தலைநிமிர்ந்து நிற்க முடியும்?

இன்னொரு நிகழ்ச்சியையும் ரூபி பிற்காலத்தில் கூறினார். சில வெள்ளையினப் பிள்ளைகள் மெல்லத் திரும்பி வந்தனர். அவர்களுள் ஒரு சிறுவன், உன்னுடைய நிறத்தின் காரணமாக உன்னோடு விளையாடக் கூடாதென்று என் தாய் சொல்லியிருக்கின்றார் என்றான். அதுவரை நடந்த யாவற்றுக்கும் காரணம் என்னவென்று அப்போதுதான் ரூபிக்குப் புரிந்தது. ஆயினும் அச்சிறுவன்மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் தாய் அப்படிச் சொல்லியிருந்தால் தானும் கீழ்ப்படிந்திருப்பேன் என்றே அவள் எண்ணினாள்.

நேயர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். அந்தச் சிறுவன் வெறுப்போடு பிறந்தவன் அல்லன். வெறுப்பு அவனுக்கு வீட்டிலே ஊட்டப்பட்டது. அன்பான தாயின் வாயிலிருந்தே ஊட்டப்பட்டது. ஓர் அரபிக்கு அரபியல்லாதவரைவிடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரைவிடவோ இறையச்சத்தினாலன்றி எச்சிறப்பும் இல்லை என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜின் பேருரையில் எடுத்துரைத்தார்கள். அதை மனனமிட்டுள்ள நாம், பிள்ளைகள் கேட்டிருக்க எத்தனை முறை பிறரது நிறத்தையும் குலத்தையும் கேலியாகப் பேசியிருக்கின்றோம் என்பதை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வரலாற்றில் இனிமையான முடிவை மட்டும் தேடுவது நேர்மையாகாது. பார்பரா ஜோன்ஸ் எழுந்து நின்ற பிரின்ஸ் எட்வர்ட் பிரதேசம், பிள்ளைகளை ஒன்றாக இருத்துவதைவிடப் பாடசாலைகளை மூடுவதே மேல் எனத் தீர்மானித்தது. 1959 முதல் 1964 வரை அங்கு அரச பாடசாலைகள் திறக்கப்படவில்லை. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை அமைக்கப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளுள் பலர் தம் பள்ளிப் பருவத்தையே இழந்தனர். தென் மாநிலங்கள் பலவற்றிலும் பாடசாலைகள் இணைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் அதிபர்களும் தொழிலிழந்தனர். எலிசபெத் எக்போர்ட் நெடுங்காலம் மனச்சோர்வினால் அவதியுற்றார். அன்று அவருக்குப் பின்னால் நின்று கூச்சலிட்டு, புகைப்படத்தில் பதிவான மாணவி சில ஆண்டுகளில் மனம் வருந்தித் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். 1997இல் இருவரும் நேரில் சந்தித்து நட்புக் கொண்டனர். அந்த நட்பும் பின்னர் தளர்ந்துபோயிற்று. ஒரு நிமிடத்தில் ஏற்படுத்தப்பட்ட காயம் ஒரு வாழ்நாளிலும் முற்றாக ஆறாதிருக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

எனினும் அவர்கள் திறந்த வழி மூடப்படவில்லை. லிட்டில் ரொக் மாணவர்கள் ஒன்பதின்மருக்கும் 1999இல் அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. ரூபி பிரிட்ஜஸ் வளர்ந்த பின்னர் பாடசாலை பாடசாலையாகச் சென்று சிறுவர்களோடு உரையாடி வந்தார். நெடுங்காலத்தின் பின் தமது ஆசிரியையையும் மீண்டும் சந்தித்தார். கூச்சலிட்டவர்களின் பெயர்களை உலகம் மறந்துவிட்டது. பார்பரா ஹென்றி என்ற பெயர் நிலைத்து நிற்கின்றது.

அன்பான பெற்றோர்களே, ஆசிரியர்களே! சட்டம் கதவைத் திறக்கும், அது அவசியமானது. ஆனால் கதவைத் தாண்டி உள்ளே வரும் பிள்ளை சட்டத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. நமது முகத்தையே பார்க்கின்றது. நமது வகுப்பறைக்கும் ஒரு நாள் புதிய பிள்ளையொன்று வரும். அதன் மொழி வேறாக இருக்கலாம். மதம் வேறாக இருக்கலாம். ஆடை பழையதாக இருக்கலாம். அது வாசலில் நின்று முகங்களைத் தேடும். அப்போது கூச்சலிடாமல் இருந்தோம் என்று நாம் திருப்தியடைய முடியாது. பார்த்துக்கொண்டு பேசாதிருந்தவர்களும் அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதியே.

இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். உன் வகுப்பில் தனியாக இருக்கும் பிள்ளை யார் என்று கேளுங்கள். பெயரைக் கூறினால், நாளை இடைவேளையில் அவரோடு சேர்ந்து உண்ணும்படி சொல்லி, உணவுப் பெட்டியில் சிறிது அதிகமாக வைத்து அனுப்புங்கள். ரொட்டியை அலமாரியில் ஒளித்து வைத்துத் தோழமைக்காகக் காத்திருந்த அந்த ஆறு வயதுப் பாலகிக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவாகவே இருக்கும்.

வல்ல இறைவன் நம் அனைவரையும் பிள்ளைகள் நம்பித் தேடும் முகங்களாக ஆக்குவானாக.